கல்லூரியில் எந்த வகுப்பு கேட்பது? வாசகர் கேள்வி பதில்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைக் கேட்கின்றன: தொழில்திறன் கற்றுத்தரும் அரசின் சமூகக் கல்லூரியிடம் என்ன வகுப்பு கேட்கலாம், எதைக் காட்டிக் கேட்கலாம்? அந்தக் கடிதங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: பள்ளி முடித்த பிள்ளைகள் பலர் சும்மா சுற்றுகிறார்கள். புதிய வகுப்பு கேட்டு மனு எழுதுகிறோம். 400 கையெழுத்து சேர்ந்துவிட்டது. வேறு என்ன வைக்க வேண்டும்?
(பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர், லிந்தாங்)

பதில்: கையெழுத்துகள் இருக்கட்டும், ஆனால் அவற்றை மனுவின் கடைசியில் வையுங்கள். கையெழுத்து ஆசையைத்தான் காட்டும். கல்லூரி முதல்வருக்குத் தெரிய வேண்டியது வேறு. இருபத்தைந்து நாற்காலி போட்டால் ஐந்து வருடத்துக்குத் தொடர்ந்து ஆள் உட்காருவார்களா? முழுநேரச் சான்றிதழ் வகுப்பை அவர் தனியாகத் திறந்துவிட முடியாது. பொலிடெக்னிக், சமூகக் கல்லூரிக் கல்வித் துறைக்கு எழுதி, பட்டறைக்கும் இயந்திரத்துக்கும் விரிவுரையாளர் பதவிக்கும் காரணம் காட்ட வேண்டும். அந்தக் காரணத்தை நீங்களே எண்களோடு கொடுத்துவிட்டால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

எண்ணைப் பள்ளிப் பதிவேட்டிலிருந்து எடுங்கள். 2019-இல் முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளை 2029-இல் படிவம் 5-இல் இருக்கும்; இடையில் மலாய் கற்க ஒரு வருடப் புகுமுக வகுப்புக்குப் போனால் 2030. ஆக, அடுத்த பத்து வருடத்தில் கல்லூரிக்கு வரப்போகும் பிள்ளைகள் இன்றைக்கே உங்கள் வட்டாரப் பள்ளிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜோசியம் தேவையில்லை, எண்ணினால் போதும்.

வட்டாரத்தில் உள்ள ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியிலும் இடைநிலைப்பள்ளியிலும் ஒரே விதமான விவரத்தைக் கேளுங்கள்: ஆறாம் ஆண்டில் எத்தனை பேர், புகுமுக வகுப்பில் எத்தனை பேர், படிவம் 1, 3, 5-இல் எத்தனை பேர், படிவம் 5 முடிவில் வரும் எஸ்.பி.எம். தேர்வை எழுதியவர் எத்தனை பேர், சான்றிதழ் கையில் வாங்கியவர் எத்தனை பேர். பெயர் வேண்டாம், தலை எண்ணிக்கை மட்டும். மூன்று வருடத்து மாணவர் அணிகளையாவது எடுத்துச் சராசரி போடுங்கள். சின்னப் பள்ளியில் ஒரு வருடம் 8 பேர், மறு வருடம் 14 பேர் என்று இருக்கும். ஒரே வருடத்தை வைத்துப் பேசினால் எதையும் நிரூபித்துவிடலாம். 2020, 2021 தொற்றுக்காலக் கணக்கைத் தனியாக வையுங்கள், சராசரியில் கலக்காதீர்கள்.

கணக்கு எப்படிப் போகும் என்பதற்கு ஒரு கற்பனை எண். படிவம் 1-இல் 120 பேர் சேர்ந்தார்கள். எஸ்.பி.எம். எழுதியது 96. சான்றிதழ் பெற்றது 80. அதில் 38 பேர் படிவம் 6, மெட்ரிகுலேஷன், பொலிடெக்னிக் என்று போனார்கள்; 10 பேர் தனியார் கல்லூரி. மிச்சம் 32. சமூகக் கல்லூரியின் முழுநேர வகுப்பு இந்த 32 பேரைத்தான் நம்பியிருக்கிறது. எல்லாருமா வருவார்கள்? மூவரில் ஒருவர் வந்தால் பத்துப் பதினொன்று. ஆக, ஒரு பள்ளியை வைத்து ஒரு வகுப்பு நிரம்பாது; மூன்று பள்ளி சேர வேண்டும்.

இன்னொரு எண்ணைப் பாருங்கள். பாதியில் நின்றவர் 24, எழுதியும் சான்றிதழ் கிடைக்காதவர் 16. கூட்டினால் 40. மிச்சம் இருந்த 32-ஐவிட இது பெரிய கூட்டம். மனு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த நாற்பதை மறந்துவிடுகிறார்கள். சும்மா சுற்றுகிறார்கள் என்று நீங்கள் எழுதியிருப்பது பெரும்பாலும் இவர்களைத்தான். முழுநேரச் சான்றிதழ் வகுப்பு இவர்களுக்கு உதவாது, ஏனென்றால் வாசலிலேயே எஸ்.பி.எம். கேட்பார்கள். இவர்களுக்கு வேண்டியது குறுகிய காலப் பயிற்சி, அல்லது மலேசியத் திறன் சான்றிதழின் முதல் நிலை. அதற்கு மலாய் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். ஆகவே உங்கள் மனுவில் ஒரு கோரிக்கை அல்ல, இரண்டு இருக்க வேண்டும்.

எஸ்.பி.எம். முடிவு வந்த மூன்றாம் மாதம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவைப் பிடியுங்கள். இப்போது எங்கே, என்ன வேலை, என்ன சம்பளம், எதில் போய் வருகிறாய் என்று நான்கே கேள்வி. அறுபது பேரைக் கேட்டாலே படம் தெளிந்துவிடும். பதில் போடாதவர்களை விட்டுவிடாமல் தொலைபேசியில் கூப்பிடுங்கள். நல்ல இடத்தில் இருக்கிறவன்தான் உடனே பதில் போடுவான்.

கேள்வி: மக்கள்தொகை கூடியிருக்கிறது என்று கணக்கெடுப்பு சொல்கிறது. எங்கள் தமிழ்ப்பள்ளியிலோ வருடா வருடம் பிள்ளைகள் குறைகிறார்கள். எது பொய்?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், ஜாலோங்)

பதில்: இரண்டும் மெய்தான், ஐயா. 2020 கணக்கெடுப்பில் நாட்டின் மக்கள்தொகை 3 கோடியே 24 லட்சம், அதில் 8.3 விழுக்காட்டினர் குடியுரிமை இல்லாதவர்கள். தோட்டப்புறத்தில் அவர்கள் பங்கு சராசரியைவிடக் கூடுதலாகவே இருக்கும். தோட்ட லயத்தில் இருந்த குடும்பங்கள் தாமான் குடியிருப்புக்கு மாறிப் போக, அதே லயத்தில் இப்போது இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்கள். தலை எண்ணிக்கை குறையவில்லை, பள்ளிக்குப் போகும் பிள்ளைதான் இல்லை. வயது வாரியான வரைபடத்தைப் பார்த்தால் இருபதிலிருந்து நாற்பதுக்குள் ஆண்கள் பக்கம் மட்டும் வயிறு பெருத்தாற்போல் ஒரு வீக்கம் தெரியும். அதுதான் அடையாளம். குடிமக்கள் மட்டும், 15 முதல் 19 வயது மட்டும் என்று பிரித்துப் பார்த்தபின் பேசுங்கள்.

பிறப்பும் குறைந்துவிட்டது. ஒரு தலைமுறை தன்னை ஈடுகட்டிக்கொள்ளப் பெண்ணுக்கு 2.1 பிள்ளை வேண்டும்; மலேசிய இந்தியர்கள் அதற்கு வெகு கீழே இருக்கிறார்கள். சராசரிக் குடும்ப அளவே 2010-இல் 4.2 ஆக இருந்து 2020-இல் 3.8 ஆகிவிட்டது.

எல்லைக் குழப்பமும் உண்டு. சுங்கை சிப்புட் ஒரு நாடாளுமன்றத் தொகுதி, ஆனால் தனி மாவட்டம் அல்ல. கோலகங்சார் மாவட்டத்தில் அடங்கியது. மாவட்டக் கணக்கை எடுத்தால் கோலகங்சாரும் பாடாங் ரெங்காசும் சேர்ந்தே வரும். புள்ளிவிவரத் துறையின் ‘கவாசன்கு’ தளத்தில் நாடாளுமன்ற, சட்டமன்றத் தொகுதி வாரியாகவே பார்க்கலாம். உங்களுக்கு வேண்டியவை லிந்தாங், ஜாலோங் என்ற இரண்டு சட்டமன்றத் தொகுதிகள்.

வாக்காளர் பட்டியலை மட்டும் தொடாதீர்கள். 2021 டிசம்பரிலிருந்து 18 வயதானவர்கள் அடையாள அட்டை முகவரிப்படி தானாகவே பட்டியலில் சேர்ந்துவிடுகிறார்கள். ஜொகூர் பாருவில் குடியிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவன் அட்டையில் இன்னும் தோட்டத்து முகவரிதான் இருக்கும். அந்தப் பட்டியலை வைத்து இளைஞர்களை எண்ணினால், ஊரில் இல்லாதவர்களுக்கு வகுப்பு கேட்டதாக ஆகும்.

கேள்வி: அரசின் வேலைவாய்ப்புத் தளமான மைஃபியூச்சர்ஜாப்ஸில் நம் வட்டாரத்துக்குத் தேடினால் செம்பனை அறுவடை வேலைதான் நிறைய வருகிறது. அப்படியானால் செம்பனைத் தோட்ட வகுப்பு கேட்பதுதானே நியாயம்?
(இளைஞர் மன்ற உறுப்பினர், தாமான் வாசி)

பதில்: அவசரப்படாதீர்கள், தம்பி. வெளிநாட்டுத் தொழிலாளருக்கு விண்ணப்பிக்கும் முதலாளி முதலில் அந்தத் தளத்தில் உள்நாட்டவருக்கு விளம்பரம் போட வேண்டும் என்று விதி. அதனால் அறுவடை விளம்பரங்கள் குவிந்து கிடக்கின்றன. அவற்றை எண்ணி ‘வேலைவாய்ப்பு’ என்று எழுதினால், படித்த அதிகாரி முதல் பக்கத்திலேயே உங்கள் மனுவை மூடிவிடுவார். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதே சம்பளம் ஈப்போவில் குளிர்சாதன வசதியுள்ள கடையில் கிடைக்கும்போது, நீள அரிவாளைத் தூக்கிக்கொண்டு குலை வெட்ட எத்தனை பேர் வருவார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

அதற்காகச் செம்பனையில் வேலையே இல்லை என்று அர்த்தமில்லை. மரத்தடியில் பார்க்காமல் ஆலைக்குள் பாருங்கள். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குள் போயாக வேண்டும். தாமதித்தால் பழத்தில் அமிலம் ஏறி எண்ணெயின் தரம் விழும். ஆகவே ஆலை நிற்கக்கூடாது. கொதிகலனைப் பார்த்துக்கொள்கிறவருக்கு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் தகுதிச் சான்று வேண்டும். மின்பகுதியில் பொறுப்பேற்க எரிசக்தி ஆணையத்தின் சான்று வேண்டும். இந்தச் சான்று இல்லாதவரை ஆலை நினைத்தாலும் அந்தப் பொறுப்பில் வைக்க முடியாது. வெல்டிங், பம்ப், ஹைட்ராலிக் பழுது, டிராக்டர் பழுது பார்க்கிறவர்களும் ஆலைக்கு வேண்டும். நாளைக்கு ஆலையை விட்டாலும் கந்தான் சிமென்ட் ஆலையிலோ ஈப்போ தொழிற்பேட்டையிலோ அதே கை வேலை செய்யும்.

ஆலை வாசலிலும் தொழிற்சாலை வாசலிலும் “ஆள் தேவையா?” என்று கேட்காதீர்கள். எல்லாரும் தேவை என்பார்கள். இப்படிக் கேளுங்கள்: கடந்த பன்னிரண்டு மாதத்தில் எந்தப் பதவிக்கு எத்தனை பேரை எடுத்தீர்கள்? என்ன சான்றிதழ் கேட்டீர்கள்? எத்தனை பேர் ஆறு மாதத்துக்குள் நின்றுவிட்டார்கள், ஏன்? இரவு வேலை உண்டா? பதினைந்து இடத்தில் கேட்டு எழுதுங்கள். பயிற்சிக்கு வருடத்துக்கு எத்தனை மாணவரை எடுத்துக்கொள்வீர்கள் என்று கேட்டு, அதை மட்டும் கடிதமாக வாங்கிவிடுங்கள். சான்றிதழ் வகுப்பில் தொழிற்பயிற்சி ஒரு பகுதி. அந்தக் கடிதம் ஐந்து இருந்தால், 400 கையெழுத்தைவிட அதற்கு எடை அதிகம்.

கேள்வி: வேலையின்மை விகிதம் குறைவு என்று அதிகாரி ஒருவர் எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

பதில்: ஆய்வு வாரத்தில் ஒரு மணி நேரம் சம்பளத்துக்கு வேலை செய்திருந்தாலும் அவர் வேலையில் இருப்பவர் என்பதுதான் கணக்கு. மாமா கடையில் சனிக்கிழமை மட்டும் நிற்கும் பையனும் அதில் சேர்த்தி. வேலையே தேடாதவர் பெரும்பாலும் தொழிலாளர் கணக்கிலேயே வரமாட்டார். அடுத்த முறை வேலையின்மையைப் பேசாமல், வாரத்துக்கு 30 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை செய்கிறவர்களையும் படிப்புக்குக் கீழான வேலையில் இருப்பவர்களையும் பேசுங்கள். புள்ளிவிவரத் துறையே இரண்டையும் தனித்தனியாக வெளியிடுகிறது. நாட்டில் உயர்கல்வி முடித்து வேலையில் இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரண்டாவது வகையில் இருக்கிறார்கள்.

கேள்வி: அண்டை ஊர்க் கல்லூரி ஒன்றில் ஆரவாரமாகத் தொடங்கிய வகுப்பு, முதல் அணியில் 20 பேர், அடுத்த அணியில் 7 பேர் என்று படுத்துவிட்டது. ஆசிரியர் நல்லவர், இயந்திரங்கள் புதியவை. என்ன கோளாறு?
(கல்லூரி முன்னாள் மாணவர்)

பதில்: நீங்கள் எழுதிய விவரத்திலேயே விடை இருக்கிறது: வகுப்பு காலை எட்டு மணிக்கு, தோட்டத்திலிருந்து வரும் முதல் பேருந்து கல்லூரிப் பக்கம் வருவது ஒன்பதுக்கு. அப்பா மோட்டாரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டால் பிள்ளை எப்படி வரும்? கேட்கும்போது “பிடிக்கவில்லை” என்றுதான் சொல்வார்கள், பெட்ரோலுக்குக் காசில்லை என்று சொல்ல மாட்டார்கள். வகுப்பு கேட்பதற்கு முன் வரைபடத்தில் ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் கல்லூரிக்கு எத்தனை கிலோமீட்டர், எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்று குறியுங்கள். பி2 உரிமமும் மோட்டாரும் இருக்கிறவர்கள் எத்தனை பேர் என்பதையும், முதல் பதிலில் சொன்ன அந்த அறுபது பேரிடமே கேட்டுவிடுங்கள். முதல் அணி எப்போதும் நிரம்பும்; பல வருடம் காத்திருந்தவர்கள் ஒரேயடியாக வருவார்கள். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். இரண்டாம், மூன்றாம் அணிதான் உண்மையான அளவு.

கேள்வி: மகன் வரலாற்றுப் பாடத்தில் தேர்ச்சி பெறவில்லை. இனி வழியில்லையா?
(ஒரு தாய், ஹீவுட் தோட்டம்)

பதில்: உண்டு, அம்மா. 2013 முதல் மலாய்மொழியோடு வரலாற்றிலும் தேர்ச்சி பெற்றால்தான் எஸ்.பி.எம். சான்றிதழ். வரலாற்றை மட்டும் திரும்ப எழுதலாம். அதுவரை காத்திருக்காமல் திறன் சான்றிதழின் முதல் நிலையில் சேர்த்துவிடுங்கள். வேலைக்குப் போய்விட்டான் என்றாலும் கவலை வேண்டாம். 19 வயதுக்கு மேல், செய்த வேலையின் அனுபவத்தை எடைபோட்டுச் சான்றிதழ் நிலைப் படிப்பில் சேர்க்கும் ஏப்பெல் முறை இருக்கிறது. சம்பளச் சீட்டுகளையும் முதலாளி கொடுக்கும் கடிதத்தையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நாற்பது வயதைத் தாண்டிய பெண்கள் நாங்கள். கேக், தையல் வகுப்பெல்லாம் போய்விட்டோம். வருமானம் வரும் வகுப்பு எது?
(மகளிர் குழு, சுங்கை சிப்புட்)

பதில்: கேக் செய்யத் தெரிந்த முப்பது பேர் ஒரே ஊரில் இருந்தால் யார் யாரிடம் வாங்குவது? ஊரின் வயதைப் பாருங்கள். நாட்டில் 65 வயதைத் தாண்டியவர் 2010-இல் 5 விழுக்காடு, 2020-இல் 6.8. முதியோர் பங்கில் பேராக் முன்னணி மாநிலம். பிள்ளைகள் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் போய்விட, படுத்த படுக்கையான பெரியவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடும் வீடு தெருவுக்குத் தெரு இருக்கிறது. முதியோர் பராமரிப்புக்குக் குறுகிய காலப் பயிற்சி கேளுங்கள். ஆளைத் தூக்கி உட்கார வைப்பது, படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது, இரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்துக் குறித்து வைப்பது எல்லாம் அதில் இருக்க வேண்டும். முழுநேர வகுப்பைப் போல இதற்குப் புத்ராஜெயாவரை கோப்பு போய்வர வேண்டியதில்லை; ஆள் சேர்ந்தால் கல்லூரி அளவிலேயே நடத்தலாம். ஒரு வகுப்புக்குப் பதினைந்து பெயரோடு போங்கள், கூடவே எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு முடியும் என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள். பள்ளிப் பிள்ளைகள் ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவார்கள், காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டரை வரை என்றால்தான் உங்களால் ஒழுங்காக வர முடியும்.