பாத்ரூமில படியிறது அழுக்கில்லை, கல்லு: கேள்வி பதில்

வணக்கம். எனக்கு ஊர் பரந்தன். கேள்வி கேக்கிற ஆக்களையும் ஊர்ப் பேராலதான் போட்டிருக்கிறன். கட்டாரில 11 வருசம் ஹோட்டல் அறைகள் துப்புரவாக்கினனான், கடைசி 4 வருசம் மேற்பார்வை. ஊருக்கு வந்து வீடு கட்டின பிறகுதான் தெரிஞ்சுது, அங்க பழகினதில பாதி எங்கட தண்ணிக்குச் சரிவராது எண்டு. அங்க பைப்பில வாறது உப்பெடுத்த கடல்தண்ணி. இங்க கிணத்துத் தண்ணி. பாத்ரூமை அடியோட கழுவுறதைப் பற்றி என்னவும் கேளுங்கோ. மலக்குழியும் பைப் வேலையும் எனக்குத் தெரியாது.

கனகபுரம்: அக்கா, குடிபூந்து 5 வருசம். ரைல்ஸ், பைப், ஷவர் எல்லாத்திலயும் வெள்ளையாப் படிஞ்சு கிடக்கு. கம்பித்தும்பு போட்டுத் தேய்ச்சும் போகேல்லை.

முதல்ல கம்பித்தும்பைக் கீழ வையுங்கோ தங்கச்சி. ரைல்ஸில கீறல் விழுந்தால் அதுக்குள்ள இன்னும் கூடப் படியும்.

அது அழுக்கே இல்லை. எங்கட தண்ணியில சுண்ணாம்பு கரைஞ்சு வருது. தண்ணி காஞ்சு போகும், சுண்ணாம்பு போகாது. கேத்திலுக்குள்ள வெள்ளையாப் பிடிக்கிறதும் இதுதான். கல்லைத் தேய்ச்சு எடுக்கேலாது, கரைக்கத்தான் வேணும். கரைக்கிறது புளிப்பு: வினாகிரி, தேசிக்காய், இல்லாட்டி சிற்றிக் அசிட் தூள். தூளெண்டால் ஒரு லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணிக்கு ரெண்டு மேசைக்கரண்டி காணும்.

ஆனா புளிப்பு சுவரில நிண்டால்தான் வேலை செய்யும். வழிஞ்சோடினால் காசுதான் ஓடுது. பழைய துவாயைக் கிழிச்சு, வினாகிரியில தோய்ச்சு, படிஞ்ச இடத்தில ஒட்டிவிடுங்கோ. அதுக்கு முதல் சவர்க்காரத் தண்ணியால எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கவேணும், இல்லாட்டி வினாகிரி கல்லில படாது.

ஷவருக்கு என்ர வீட்டில செய்ததைச் சொல்லுறன். கழட்டேல்லை. ஒரு சொப்பிங் பாக்கில வினாகிரி ஊத்தி, ஷவர்த் தலை தாழுற மாதிரி றப்பர் பாண்ட் போட்டுக் கட்டினன். கிட்டக் காதை வைச்சால் சர்ரெண்டு மெல்லிய சத்தம் கேட்டுது. ஒரு மணித்தியாலத்தால அவிழ்த்துத் தண்ணியைத் திறக்க, துவாரங்களுக்குள்ளால அரிசிக் குறுணி மாதிரி வெள்ளைத் துணிக்கை கொட்டிச்சுது. மிச்சத்தைத் தையல் ஊசியால குத்தி எடுத்தன். பளபளப்பான பைப்புகளில ராத்திரி முழுக்கக் கட்டி வைக்காதேங்கோ, பூச்சுப் போயிடும். முடிய நல்லாக் கழுவித் துடையுங்கோ.

பிறகு ஒவ்வொரு நாளும் குளிச்ச கையோட றப்பர் வைப்பரால சுவரை ஒருக்கா இழுத்துவிட்டால், காயிறதுக்கு அங்க தண்ணியே இராது.

மல்லாவி: கடையில அசிட் எண்டு போத்தலில விக்கினம். 2 நிமிசத்தில வெள்ளை எல்லாம் போகுதே?

போகும். ரைல்ஸுக்கு இடையில போட்ட சீமெந்தும் சேர்ந்து போகும். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். சீமெந்தே சுண்ணாம்பில செய்யிறதுதானே, இது கறை இது சீமெந்து எண்டு அசிட்டுக்குத் தெரியுமோ? நாள் போக இடுக்குப் பள்ளமாகி, தண்ணி உள்ள இறங்கி, தட்டினால் ரைல்ஸ் பொள்ளலாச் சத்தம் போடும். கொமட்டுக்குள்ள கனகாலத்துப் படையெண்டால் மட்டும், கையுறை போட்டு, யன்னலைத் திறந்து கொஞ்சமா விடலாம். அண்டைக்கு பிளீச் போத்தலைத் தொடக்கூடாது.

புதுக்குடியிருப்பு: அசிட்டையும் பிளீச்சையும் சேர்த்து ஊத்தினால் வேகம் கூட எண்டு மாமி சொல்லுறா. உண்மையோ?

மாமிக்கு இதை வாசிச்சுக் காட்டுங்கோ.

எங்கட ஊர் இரசாயனத் தொழிற்சாலையைப் பெரியாக்கள் அறிவினம். ஆனையிறவு உப்பைக் கரைச்சு, மின்சாரம் பாய்ச்சி, கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் எடுத்தவை. அந்தக் குளோரினைக் கோஸ்ரிக் சோடாவுக்குள்ள விட்டால் வாறதுதான் பிளீச். அதாவது பிளீச் போத்தலுக்குள்ள குளோரின் கட்டிப்போட்டுக் கிடக்கு. அசிட் ஊத்துறது கட்டை அவிழ்த்து விடுறது. வெளியில வாற குளோரின் காத்தை விடப் பாரம், நிலத்தோட நிக்கும். நாங்கள் குனிஞ்சிருந்து தேய்க்கிற உயரத்தில!

நான் பட்டனான். வேலைக்குச் சேர்ந்த முதல் வருசம், ஆரோ கொமட்டுக்குள்ள அசிட் மருந்து ஊத்திவிட்டுப் போனது தெரியாமல் மேல பிளீச் விட்டன். சின்ன அறை, யன்னல் இல்லை. தொண்டையில மிளகாய்த்தூள் போட்ட மாதிரி இருந்துது. வெளியில ஓடி வந்தும் ரெண்டு நாள் இருமல். அப்பிடி நடந்தால் கழுவி முடிப்பம் எண்டு நிக்காதேங்கோ. கதவைத் திறந்தபடி விட்டிட்டு வெளிக்காத்துக்குப் போங்கோ, மூச்சு இழுத்தால் ஆஸ்பத்திரி.

வெள்ளத்துக்குப் பிறகு கிணத்துக்குப் போடுற ரீசீஎல் எண்ட குளோரின் தூளும் பிளீச் சாதிதான், அதோடயும் அசிட் சேரக்கூடாது.

முள்ளியவளை: வினாகிரியோட அப்பச்சோடாவைக் கலந்தால் என்னமா நுரைக்குது தெரியுமோ? நீங்கள் அதைச் சொல்லவே இல்லையே அக்கா.

வேணுமெண்டுதான் சொல்லேல்லை. வினாகிரி புளிப்பு, சோடா காரம். ரெண்டும் ஒண்டையொண்டு சாப்பிட்டு முடிக்கும். நுரை அடங்கினால் உங்களிட்ட மிஞ்சுறது கொஞ்சம் உப்புத் தண்ணி.

முள்ளியவளை: நான் 3 வருசமா அதாலதான் கழுவுறன், பளிச்செண்டு இருக்கு.

நீங்கள் தேய்க்கிற தேய்ப்பில பளிச்செண்டு இருக்கு.

மாங்குளம்: எங்கட அம்மம்மா புளியும் சாம்பலும் போட்டுத்தானே செம்பு மினுக்கினவ? அவ பிழையோ?

அம்மம்மாவை இழுக்காதேங்கோ, தம்பி! புளி செம்பில இருக்கிற களிம்பை எடுக்கும். சாம்பல் காரம், எண்ணெயை எடுக்கும், நறநறெண்டு தேய்க்கவும் உதவும். என்ர அம்மம்மா புளியைப் பூசிக் கொஞ்சநேரம் வைச்சிட்டுப் பிறகுதான் சாம்பலை எடுப்பா. ரெண்டையும் வாளியில கரைச்சு வைச்சவவோ?

முள்ளியவளை: நுரைக்குதெண்டால் ஏதோ நடக்குதுதானே!

சரி, சண்டை வேண்டாம். முட்டைக்கோதும் சுண்ணாம்புக்கல்லும் ஒரே சாமான். ரெண்டு கிளாஸில ஒரே அளவு வினாகிரி விடுங்கோ. ஒண்டுக்குள்ள நுரை அடங்கும் மட்டும் அப்பச்சோடா போடுங்கோ. ரெண்டுக்குள்ளயும் பாதிப் பாதிக் கோது. நாளைக்கு வந்து சொல்லுங்கோ.

நெடுங்கேணி: குழாய்க்கிணத்துத் தண்ணி. அள்ளேக்க தெளிவு, வாளியில நிண்டால் மண்ணிறம். கொமட்டில துருக்கறை. பிளீச் போடப் போடக் கூடுது.

கூடும்தான். அது இரும்பு. பிளீச் அதை இன்னும் துருவாக்கி இறுக்கிவிடும். பிளீச்சை நிப்பாட்டி ரெண்டு மூண்டு நாள் விட்டு, சிற்றிக் அசிட்டைக் கூழாக் குழைச்சு அப்பி, அரை மணித்தியாலம் வைச்சுத் தேயுங்கோ.

ஒட்டுசுட்டான்: ரைல்ஸில வெள்ளைக் கறை எப்பிடிப் போக்குறது?

மேல கனகபுரத்துக்குச் சொன்னதுதான்.

துணுக்காய்: கிணத்துக்கும் மலக்குழிக்கும் எத்தனை அடி விடவேணும்?

உங்கட பகுதி பி.எச்.ஐ.யிட்ட, அதுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிட்டக் கேளுங்கோ. வந்து இடத்தைப் பார்த்துச் சொல்லுவார்.

விசுவமடு: அப்பா ஊன்றுகோலோட நடக்கிறவர். பாத்ரூமில ரெண்டு தரம் வழுக்கிட்டார். ஒவ்வொரு நாளும் கழுவுறன், ஆனாலும் வழுக்குது.

இதுக்கு நிண்டு பதில் சொல்லவேணும். அங்க ரெண்டு வழுக்கல் இருக்கு. பச்சையா, கறுப்பாத் தெரியிறது பாசி. கண்ணுக்குத் தெரியாதது சவர்க்காரப் படை. கட்டிச் சவர்க்காரம் சுண்ணாம்புத் தண்ணியோட சேர்ந்தால் நுரைக்காமல் திரையும், அது தரையில ஒரு தோல் மாதிரிப் பிடிக்கும். காஞ்ச தரையில நகத்தால சுரண்டிப் பாருங்கோ, நகத்துக்குள்ள மெழுகு மாதிரி வரும்.

முதல் நாள் பாசிக்கு: ஒரு பங்கு பிளீச்சுக்கு 9 பங்கு தண்ணி, 10 நிமிசம் விட்டு, தும்புத்தடியால தேய்ச்சு, நிறையத் தண்ணி ஊத்துங்கோ. படைக்கு வினாகிரி, ஆனா அடுத்த நாள். ஒரே நாளில ரெண்டும் வேண்டாம், ஏனெண்டு மேல சொல்லியிருக்கு. அதுக்குப் பிறகு அப்பாவுக்குக் கட்டிச் சவர்க்காரத்துக்குப் பதிலாப் போத்தலில வாற உடம்பு கழுவுற திரவம் வாங்கிக் குடுங்கோ, அது திரையாது.

இன்னொண்டு. ஊன்றுகோலின்ர அடி றப்பரைத் திருப்பிப் பாருங்கோ. அந்த வரிகளுக்குள்ளயும் இதே படை அடைஞ்சிருக்கும், பழைய பல் பிறஸ்ஸால தேய்ச்சுக் கழுவுங்கோ. வரி தேஞ்சு மொழுமொழெண்டு இருந்தால் றப்பரை மாத்துங்கோ. அவர் போக முதல் தரை காஞ்சிருக்கவேணும்.

குருமண்காடு: பழைய வீடு, சிவப்புச் சீமெந்துத் தரை. வினாகிரி விடலாமோ?

வேண்டாம், மினுக்கம் செத்துப் போகும். சவர்க்காரத் தண்ணியும் தும்பும் மட்டும்.

செட்டிகுளம்: வினாகிரி மெல்லிய அசிட் தானே, அதுக்குள்ள பிளீச் கொஞ்சம் விடலாமோ?

விடேலாது.

பரந்தன்: தேசிக்காயோட ரீசீஎல்?

நீங்களுமோ? எங்கட ஊரில இருந்தே இப்பிடி ஒரு கேள்வி! தேசிக்காயும் புளிப்புத்தான். கலக்காதேங்கோ.

முள்ளியவளை: அக்கா, நேற்று வைச்ச கோது. வெறும் வினாகிரிக்குள்ள கோதைக் காணேல்லை, தோல் மட்டும் மிதக்குது. சோடாக் கிளாஸில வைச்சபடியே கிடக்கு. மகன் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோறன் எண்டு நிக்கிறான். ஆனா தண்ணி போற ஓட்டைக்குள்ள ஊத்தினால் நுரையோட தலைமயிர் மேல வந்துதே, அது பொய்யோ?

அது பொய்யில்லை. அடைப்பு லேசா இருந்தால் நுரை தள்ளிக்கொண்டு வரும், அதுக்கு மட்டும் வைச்சிருங்கோ. தோலைத் தொட்டுப் பாத்தனீங்களோ? றப்பர் மாதிரி இருக்கும்.

மாங்குளம்: ஷவரில வெள்ளையாப் படிஞ்சிருக்கு, என்ன செய்யலாம்?

தம்பி, அம்மம்மாவைப் பற்றிக் கதைக்க முதல் கனகபுரத்தை வாசிச்சிருக்கலாம். சொப்பிங் பாக், றப்பர் பாண்ட். எனக்கு மோட்டர் போட நேரமாச்சு, மிச்சம் ஞாயிற்றுக்கிழமை.