கைபேசியின் இருப்பிட வசதியை வைத்து மக்களும் சேர்ந்து நகரத்தைத் திட்டமிட முடியுமா?

முடியும். கென்யத் தலைநகர் நைரோபியே நல்ல உதாரணம்.

அங்கே ஏராளமானோர் நம்பியிருப்பது மட்டாட்டு எனப்படும் தனியார் மினிபஸ்களை. ஆனால் முன்பு அவற்றுக்கு முழுமையான வழித்தட வரைபடம் கிடையாது. வண்டி எங்கெங்கே நிற்கும் என்பது ஓட்டுநருக்கும் தினமும் ஏறுபவர்களுக்கும்தான் அத்துப்படி. நைரோபி பல்கலைக்கழக மாணவர்கள் கைபேசியோடு ஏறி உட்கார்ந்தார்கள். ஜிபிஎஸ் பாதையைப் பதிந்துகொண்டே வரும். வண்டி நின்றதும் அந்த நிறுத்தத்தின் பெயரைச் சேர்ப்பார்கள். பெயர்ப்பலகைகூட இல்லாத நிறுத்தங்கள் பல. அமெரிக்காவின் எம்ஐடி, கொலம்பியா பல்கலைக்கழகங்களும் கைகோத்த இந்த 'டிஜிட்டல் மட்டாட்டுஸ்' திட்டம், 130-க்கும் மேற்பட்ட தடங்களைத் தொகுத்து 2014-இல் வரைபடம் வெளியிட்டது. தரவையும் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார்கள்.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது தொழில்நுட்பம் அல்ல. வரைபடத்தை ஓட்டுநர்களிடமும் அதிகாரிகளிடமும் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். தடங்கள் எல்லாம் நகர மையத்திலேயே போய்க் குவிவது அப்போது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. நகர நிர்வாகமும் அதை அதிகாரபூர்வ வரைபடமாக ஏற்றது.

ஒரு ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். ஸ்மார்ட்போன் குறைவாக உள்ள ஏழைப் பகுதிகள் இப்படிப்பட்ட தரவில் விடுபட்டுப்போகும். அமெரிக்காவின் பாஸ்டனில், ஓடும் காரிலிருந்தே சாலைப் பள்ளங்களைக் கண்டறியும் 'ஸ்ட்ரீட் பம்ப்' செயலியை, எந்தப் பகுதியும் விடுபடாதிருக்க, நகரம் முழுக்கச் சுற்றும் மாநகரச் சாலை ஆய்வாளர்களிடம் முதலில் கொடுத்தார்கள்.