இயற்பியலுடன் வானியற்பியல் சேர்த்துப் படிப்பது எப்படி இருக்கும்?

கேள்வி: பள்ளிப் படிப்பை முடிக்கப் போகிறேன். நட்சத்திரம், கருந்துளை என்றால் எனக்கு உயிர். கணக்கு சுமாராக வரும். பல்கலைக்கழகத்தில் இயற்பியலுடன் வானியற்பியல் எடுக்கலாமா? உள்ளே உண்மையில் என்ன சொல்லித் தருவார்கள்?

அந்தப் படிப்பை முடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தாராளமாக எடுக்கலாம். ஆனால் பெயரில் எது முன்னால் நிற்கிறது என்று பாருங்கள். இயற்பியல்தான் முதலில். எங்கள் படிப்பில் வானியல் தாள்கள் நான்கில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். முதல் ஆறு மாதம் இயக்கவியல், மின்காந்தவியல், நுண்கணிதம், ஆய்வகம், அவ்வளவுதான். ஊசல் ஆடும் நேரத்தைத் திரும்பத் திரும்ப அளந்து, அளவில் பிழை எவ்வளவு என்று எழுதிக்கொண்டிருந்தபோது, இதற்கா வந்தோம் என்று மனசு சோர்ந்தது. உங்களுக்கும் அந்தச் சோர்வு வரலாம். பயப்பட வேண்டாம்.

அந்த ஆறு மாதம் எதற்காக என்பது எனக்கு விளங்கியது மூன்றாம் வருடத்தில், ஒரே ஒரு கணக்கில். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சூரிய ஒளியை நிறமாலையாக, அதாவது வானவில் போல நிறம் நிறமாகப் பிரித்தால் நடுநடுவே கருங்கோடுகள் தெரியும். ஒவ்வொரு கோடும் ஏதோ ஒரு தனிமத்தின் அணு அந்த நிறத்தை விழுங்கியதன் அடையாளம். கால்சியம், இரும்பு ஆகியவற்றின் கோடுகள் பளிச்சென்று இருக்கும். கண்ணுக்குத் தெரியும் பகுதியில் ஹைட்ரஜன் கோடுகள் அந்த அளவுக்கு இல்லை. பார்த்தவுடன் என்ன தோன்றும்? சூரியனும் பூமி மாதிரி உலோகத்தால் ஆனது என்றுதானே? 1920களின் தொடக்கம் வரை பெரிய வானியலாளர்களும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தார்கள்.

இப்போது கணக்கு. அந்த ஹைட்ரஜன் கோடுகள் உண்டாக வேண்டுமானால் ஹைட்ரஜன் அணு முன்கூட்டியே இரண்டாம் ஆற்றல் மட்டத்தில், அதாவது அதன் எலக்ட்ரான் ஒரு படி மேலே ஏறிய நிலையில் இருக்க வேண்டும். அங்கே ஏற 10.2 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) தேவை. சூரியனின் மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 5,800 கெல்வின். அந்த வெப்பத்தில் ஓர் அணுவின் பங்குக்குக் கிடைக்கும் ஆற்றல் அரை எலக்ட்ரான் வோல்ட் அளவுதான். எந்த வெப்பத்தில் எத்தனை அணுக்கள் எந்த மட்டத்தில் இருக்கும் என்று சொல்லும் போல்ட்ஸ்மன் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். ஏறத்தாழ 18 கோடி அணுக்களில் ஒன்றுதான் இரண்டாம் மட்டத்தில் இருக்கிறது! ஆக, கோடு மெலிந்திருப்பதால் ஹைட்ரஜன் குறைவு என்று ஆகிவிடாது. 18 கோடியில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டே இவ்வளவு கோடு தெரிகிறதென்றால், மொத்தம் எவ்வளவு இருக்க வேண்டும்? இதையே 10,000 கெல்வினுக்குப் போட்டால் சுமார் 35,000 அணுக்களில் ஒன்று. அபிஜித் (வேகா) போன்ற வெள்ளை நட்சத்திரங்களில் ஹைட்ரஜன் கோடுகள் அவ்வளவு தடிப்பாக இருப்பது அதனால்தான். இன்னும் சூடேறினால் அணுவிலிருந்து எலக்ட்ரானே கழன்றுவிடும், கோடு மறுபடி மெலியும். அதற்கான சமன்பாட்டை 1920இல் இந்திய இயற்பியலாளர் மேகநாத் சாகா கொடுத்தார். அதை வைத்துத்தான் சிசிலியா பெய்ன் என்ற இளம் வானியலாளர் 1925இல் தன் ஆய்வேட்டில் நட்சத்திரங்களில் பெரும்பகுதி ஹைட்ரஜனும் ஹீலியமும்தான் என்ற முடிவுக்கு வந்தார். மூத்த வானியலாளர் ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல் ஏற்கவில்லை என்பதால், அந்த அளவு உண்மையாக இருக்காது என்று ஆய்வேட்டிலேயே எழுத வேண்டி வந்தது. நான்கு வருடம் கழித்து ரஸ்ஸலே வேறு வழியில் அதே முடிவுக்கு வந்து சேர்ந்தார். பெய்ன் இருபத்தைந்து வயதில் சரியாகக் கண்டதை இப்படி விலக்கிவைக்க வேண்டி வந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அந்தக் கணக்கில் வானியல் என்று தனியாக எதுவும் இல்லை, கவனித்தீர்களா? குவாண்டமும் வெப்பவியலும்தான். இந்தப் படிப்பு முழுக்க அப்படித்தான் போகும்.

சரி, தொலைநோக்கி? எங்களுக்குக் கடைசி வருடப் ப்ராஜெக்டில்தான் கைக்கு வந்தது. எச்டி 189733 என்ற நட்சத்திரத்தின் முன்னால் அதன் கோள் கடந்து போவதைப் பதிவு செய்தோம். ஒளி குறைவது 2.4 சதவீதம், ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மெல்லிய மேகம் ஒன்று நகர்ந்தால் அதைவிட அதிகமாக ஒளி போய்விடும். முதல் இரவு அப்படியே வீணானது. இரண்டாம் முறை, அதே படத்தில் உள்ள பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு வகுத்துக்கொண்டே போனோம். கேமராவில் ஒளியைப் பதிவு செய்யும் சிசிடி சில்லில் ஒட்டியிருந்த தூசியின் நிழலை நீக்க, சீராக ஒளியூட்டிய திரையைத் தனியாகப் படமெடுத்து அதாலும் வகுத்தோம். கணினித் திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்து, நடுவில் மெல்லப் பள்ளமாகி, மறுபடி மேலேறின. 0.024க்கு வர்க்கமூலம் எடுத்தால் 0.155. நட்சத்திரத்தின் ஆரத்தில் அந்தப் பங்கு கோளின் ஆரம். வியாழனைவிடச் சற்றுப் பெரிய ஓர் உலகம், சுமார் 64 ஒளியாண்டு தூரத்தில். விடியும்வரை யாரும் எழுந்து போகவில்லை.

உங்கள் கணக்குக்கு வருகிறேன். சுமாராக வரும் என்கிறீர்கள். எனக்கும் வகையீட்டுச் சமன்பாடுகள் இரண்டாம் வருடம் வரை தகராறுதான். வாராவாரம் தரும் கணக்குத் தாளில் பாதி முதல் நாளில் வராது, எல்லோருக்கும் அப்படித்தான். வராத கணக்கோடு மூன்று நாள் உட்கார்ந்திருக்கப் பிடிக்குமா என்பதை மட்டும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பிடிக்காது என்றால், வானத்தை ரசிக்க இந்தப் பட்டம் தேவையே இல்லை. ஒரு நல்ல பைனாகுலர் போதும், அதில் கிடைக்கும் சந்தோஷமும் குறைந்ததல்ல.

வேலை பற்றி நீங்கள் கேட்கவில்லை, வீட்டில் கேட்பார்கள். ஆய்வுக்குப் போக முனைவர் பட்டம் வேண்டும். அதற்கு மேல் நிரந்தரப் பணியிடங்கள் மிகக் குறைவு. என் வகுப்பில் பலர் மென்பொருள், தரவுப் பகுப்பாய்வு என்று போய்விட்டார்கள். பைத்தான் என்ற கணினி மொழியும் பிழை மதிப்பீடும் அங்கே அவர்களுக்குக் கைகொடுத்தன.

சேரும் முன் இரண்டு விஷயம் விசாரியுங்கள்: கடைசி வருட ப்ராஜெக்டில் மாணவர்களே தொலைநோக்கியையோ உண்மையான தரவையோ கையாள விடுகிறார்களா, அப்புறம் நடுவில் வெறும் இயற்பியலுக்கு மாறிக்கொள்ள வழி இருக்கிறதா. காத்திருக்கும் மாதங்களில் பைத்தான் கொஞ்சம் பழகிவிட்டு, பூமி சூரியனைச் சுற்றுவதை ஆய்லர் முறையில், அதாவது சின்னச் சின்ன நேர அடிகளாக நகர்த்திக் கணக்கிடும் முறையில் எழுதிப் பாருங்கள். சுற்றுக்குச் சுற்று பூமி வெளியே நழுவிக்கொண்டே போகும். ஏன் நழுவுகிறது என்று கண்டுபிடித்தால் இங்கே பின்னூட்டத்தில் சொல்லுங்கள், அதிலிருந்து மேலே பேசுவோம்.