ஞாயிறு மாலையானாலே படபடப்பு, லீவு போட்டும் தீரவில்லை. இது பதற்றமா, பர்ன்அவுட்டா?

இசிஜி நார்மல், ஒரு வாரம் லீவும் எடுத்தாயிற்று, திரும்பிப் போன அன்றே பழைய கதை என்று எழுதியிருக்கிறீர்கள். ஐடி வேலை, இரவு ஒன்பது மணிக்கு மேல் மீட்டிங் கால், வீட்டில் யாரிடமும் வாய் திறக்கவில்லை என்று வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். நான் உளவியல் ஆலோசகர், மனநல மருத்துவர் இல்லை. "இணையத்தில் வைத்தியம் பார்க்கிறாயா" என்று வரப்போகிறவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மனநல மாத்திரை பற்றி, ஒரே ஒரு எச்சரிக்கை தவிர, எதுவும் இங்கே இருக்காது.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இரண்டுமே கலந்திருக்கிறது. சிக்கல் என்னவென்றால் ஒன்றுக்குச் செய்வது மற்றதற்கு ஆகாது. பதற்றம், பயந்து ஒதுங்க ஒதுங்க வளரும். பர்ன்அவுட், அதாவது வேலைச்சுமையில் வற்றிப்போவது, சுமை குறையாமல் தீராது. நம் ஆட்கள் பதற்றத்துக்கு லீவு போடுவார்கள், பர்ன்அவுட்டுக்கு மூச்சுப்பயிற்சி செய்வார்கள். அப்புறம் எதுவுமே கேட்கவில்லை என்பார்கள்.

எது தூக்கல் என்று பார்க்க, லீவில் மூன்றாம் நான்காம் நாள் எப்படி இருந்தது என்று யோசியுங்கள். மனசு லேசாகி, ஆபீஸ் லேப்டாப்பைத் திறந்ததும் பாரம் ஏறியதா? சுமைதான் காரணம். லீவிலும் கேஸை அணைத்தோமா, பிள்ளைக்குக் காய்ச்சல் வருமா, இஎம்ஐ என்னாகும் என்று ஒன்று போனால் ஒன்று வந்துகொண்டே இருந்ததா? அது பதற்றம். உலக சுகாதார நிறுவனமும் 2019-இல் பர்ன்அவுட்டை நோய் என்று சொல்லவில்லை, வேலை சார்ந்த நிலை என்றுதான் வகைப்படுத்தியது. அடையாளம் மூன்று: உடம்பும் மனசும் வற்றிப்போவது, வேலைமேல் வெறுப்பு அல்லது ஒட்டாமை, செய்வது எதுவும் உருப்படவில்லை என்ற எண்ணம். பதற்றத்துக்கு ஜிஏடி-7 என்ற ஏழு கேள்வித் தாள் இருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தை வைத்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 21. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ நேரில் பாருங்கள். அது நோய் முடிவு இல்லை, போய்ப் பார்ப்பதற்கான காரணம் மட்டும்.

இசிஜியோடு நிறுத்தாமல் டிஎஸ்ஹெச் (தைராய்டு டெஸ்ட்), ஹீமோகுளோபின், வைட்டமின் பி12 மூன்றையும் பார்த்துவிடுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் ரத்தம் குறைந்தாலும் இதே படபடப்புதான் வரும். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் இரண்டு நாளாவது நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள், தைராய்டு ரிசல்ட்டையே அது குழப்பும்.

இனி மூச்சு. "நல்லா ஆழமா மூச்சு இழு" என்று எல்லோரும் சொல்வார்கள். படபடக்கும்போது அது நிலைமையை மோசமாக்கும். ஏற்கெனவே வேகவேகமாக மூச்சு வாங்கி ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்திருக்கும். விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போவது, தலை கிறுகிறுப்பது எல்லாம் அதனால்தான். இன்னும் ஆழமாக இழுத்தால் இன்னும் குறையும். செய்ய வேண்டியது வெளிமூச்சை நீட்டுவது: மூக்கால் 4 எண்ணும்வரை சாதாரணமாக இழுத்து, 6 எண்ணும்வரை விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு, ஐந்து நிமிடம். தோள் தூக்கக் கூடாது, வயிறு எழும்ப வேண்டும். காலையிலும் மாலையிலும் நிதானமாக இருக்கும்போதே பழகுங்கள். அடைமழையில் குடை தைக்க முடியாது. மற்றபடி, பயத்தின் உச்சம் பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் வந்து இறங்க ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் ஸ்மார்ட் வாட்சில் நாடித்துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தால் இறங்காது, கழற்றி வையுங்கள். ஆனால் நெஞ்சில் பாரமோ அழுத்தமோ இருந்து, இடது கை, தாடைப் பக்கம் பரவினால், அல்லது வியர்த்துக்கொட்டினால், எண்ணிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

ஞாயிறு மாலைக்கு: ஆறரை மணிக்கு இருபது நிமிடம், மேசையில் நோட்டோடு உட்காருங்கள். இடப்பக்கம் கவலை, வலப்பக்கம் அடுத்த அடி. "திங்கள் ரிலீஸ் ஊத்திக்கும்" என்று இந்தப் பக்கம் எழுதினால், "பத்து மணிக்கு டெஸ்டிங் டீமிடம் பாக்கி லிஸ்ட் கேட்க வேண்டும்" என்று அந்தப் பக்கம். அடுத்த அடியே இல்லாத கவலைக்கு ஒரு கோடு போதும். மற்ற நேரம் வந்தால் "ஆறரைக்கு" என்று தள்ளுங்கள். இது பலருக்குப் பலிக்காததற்குக் காரணம், ராத்திரி பதினொன்றுக்குப் படுக்கையில் போனை வைத்துக்கொண்டு எழுதுவது. காபியில் இருக்கும் கஃபீன் பாதி குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், ஆகவே மதியத்துக்கு மேல் வேண்டாம். ஒரேயடியாக விட்டால் தலைவலிக்கும், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அரை டம்ளர் வீதம் குறையுங்கள்.

பர்ன்அவுட் பக்கம் மேனேஜரிடம் பேசாமல் வழியில்லை. "எனக்கு ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு சார்" என்றால் "டேக் கேர்" என்று முடித்துவிடுவார். கையில் இருக்கும் வேலைகளைப் பட்டியல் போட்டு, "இந்த வாரம் இந்த மூன்றில் இரண்டுதான் முடியும், எதைத் தள்ளலாம்?" என்று கேளுங்கள். கேட்டதை அன்றே மெயிலில் போடுங்கள். இரவு மீட்டிங்கை ஒரேயடியாக மறுக்க முடியாவிட்டாலும் வாரத்தில் எந்த இரண்டு நாள் என்று கேட்டு வாங்கலாம். ஆட்குறைப்பு பயத்தில் இதைக்கூடப் பேச முடியாத இடம் இருக்கிறது, தெரியும். அங்கே சிவியைப் புதுப்பிப்பதும் வைத்தியத்தில் சேர்த்திதான்.

மாத்திரை எச்சரிக்கை: பதற்றத்தை அடக்கும் அல்பிரசோலம் வகை மாத்திரையை உறவுக்காரர் வீட்டில் மிச்சம் இருந்தது என்றோ, தெரிந்த மருந்துக்கடை என்றோ வாங்கிப் போடாதீர்கள். உடனே கேட்கும், அதனாலேயே பழக்கமாகும். ஏற்கெனவே தினமும் போட்டுக்கொண்டிருந்தால் திடீரென்றும் நிறுத்தாதீர்கள், டாக்டர் பார்த்துக் குறைக்க வேண்டும்.

இதில் இன்னொரு வயிற்றெரிச்சல். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 21(4) பிரிவு, உடல் நோய்க்குத் தருவது போலவே மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. நடப்பில் பெரும்பாலான பாலிசிகள் அட்மிட் ஆனால்தான் பணம் தரும். அட்மிட் ஆகாமல் தப்பிக்க வாராவாரம் ஆலோசனைக்கு வருகிறவர் கைக்காசில்தான் பார்க்க வேண்டும். உங்கள் கம்பெனி குரூப் பாலிசியில் ஓபி (அட்மிட் ஆகாமல் பார்க்கும்) செலவு உண்டா என்று ஹெச்ஆரிடம் கேளுங்கள், காரணம் சொல்லத் தேவையில்லை. இல்லையென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு ஓபி இருக்கிறது. முதலில் பேசிப் பார்க்க மட்டும் என்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும், இலவசம், தமிழிலேயே பேசலாம். உயிரை விடலாம் என்ற நினைப்பு ஒரு தரம் வந்திருந்தாலும் மேலே சொன்ன நோட்டு, காபி எல்லாம் அப்புறம். இன்றே அந்த எண்ணுக்குப் போடுங்கள்.