புல்லுக்குள் ஒளிந்த கால்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு 19 வயது, ஊர் பவானி. ஐந்தாம் வகுப்பிலிருந்தே குதிரை வரைகிறேன். யாரிடமும் கற்றதில்லை. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் போனில் எடுத்த படங்களைப் பார்த்து வரைவேன். பாய்ச்சல் மட்டும் மனதிலிருந்து. முகமும் பிடரியும் வந்துவிடுகின்றன, கால்தான் வரமாட்டேன் என்கிறது. மூன்று படங்கள் இணைத்திருக்கிறேன். கல்லூரியில் சேராமல் ஓவியராக முடியுமா? எந்தப் பென்சில் நல்லது?

க.

அன்புள்ள க.,

உங்கள் மார்வாரிக் குதிரையின் காதுகள் பிரமாதம். உள்ளே வளைந்து, நுனியும் நுனியும் தொடப்போகும் அந்தச் சின்ன இடைவெளி, வருஷக்கணக்காகப் பார்த்த கண்ணுக்குத்தான் அகப்படும். அப்புறம் கீழே பார்த்தேன். நிற்கிற குதிரை இரண்டுக்கும் முழங்காலுக்குக் கீழே புல். சந்தைத் திடலில் அவ்வளவு புல் ஏதய்யா? கால் வரவில்லை, புல் முளைத்துவிட்டது. இது சுத்தக் கள்ளத்தனம்.

பென்சில் எதுவானாலும் சரி.

கால் வராததற்கு முழுப் பொறுப்பும் ‘முழங்கால்’ என்கிற சொல்லுக்குத்தான். கொஞ்ச நாளாகவே இந்தச் சொல்மீது எனக்குக் கோபம். குதிரையின் முன்னங்காலில் நாம் முழங்கால் என்று காட்டுகிற இடம் அதன் மணிக்கட்டு. உள்ளங்கையை மேசையில் வையுங்கள். மெல்லத் தூக்கி, நடுவிரல் நுனி மட்டும் படும்படி நிறுத்துங்கள். அந்த நகம்தான் குளம்பு. மணிக்கட்டு எவ்வளவு உயரத்துக்குப் போய்விட்டது, பார்த்தீர்களா? முழங்கை அதற்கும் மேலே, மார்பின் அடிவிளிம்பை ஒட்டி இருக்கிறது.

பின்னங்காலில் பின்பக்கம் துருத்துகிறதே ஒரு கூர்மூட்டு, அது குதிகால். உண்மையான முழங்கால் அடிவயிறு தொடையோடு சேரும் இடத்தில் இருக்கிறது. கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, அதனால் யாரும் வரைவதில்லை. குதிகாலை முழங்கால் என்று நினைத்தால் கை தானாக அதை முன்பக்கம் மடக்கிவிடும். உங்கள் இரண்டாவது படத்தில் புல்லுக்கு மேலே தெரிகிற கொஞ்சமும் அப்படித்தான் மடங்கியிருக்கிறது. குதிரைத்தோல் போர்த்திய மனிதன் நிற்கிறான்.

இன்னும் சொல்கிறேன். அந்தக் குதிகால் முன்னங்கால் மூட்டைவிட உயரத்தில் இருக்க வேண்டும். நீங்கள் இரண்டையும் ஒரே கோட்டில் வைத்திருக்கிறீர்கள். இந்த மூட்டுகளுக்குக் கீழே சதை கிடையாது. எலும்பு, பின்னால் நரம்புக்கயிறு, மேலே தோல், அவ்வளவுதான். அங்கே போய் கெண்டைச்சதை வரையக் கூடாது. அய்யனார் கோயில் மண்குதிரைக்குக் கால் தூணாக இருக்கலாம், அத்தனை மண்ணையும் அது தாங்கவேண்டும். பென்சில் குதிரைக்கு அந்தச் சாக்கு இல்லை.

ஓய்வாக நிற்கிற குதிரை ஒரு பின்னங்காலைத் தளர்த்திக் குளம்பு நுனியை மட்டும் ஊன்றியிருக்கும். அப்போது அந்தப் பக்கத்து இடுப்பு இறங்கும். காலைத் தளர்த்திவிட்டு இடுப்பைச் சமமாக வைத்தால், கால் உடைந்த குதிரை.

ஜார்ஜ் ஸ்டப்ஸ் என்கிற ஆங்கிலேயர், தோல் பதனிடுபவரின் மகன், பெரும்பாலும் தானாகக் கற்றவர். ஒரு பண்ணை வீட்டில் செத்த குதிரைகளைக் கொக்கியில் தொங்கவிட்டு, தோல், சதை, எலும்பு என்று அடுக்கடுக்காக அறுத்துப் பார்த்து ஏறக்குறைய 18 மாதம் வரைந்தார். 1766-இல் அச்சான அந்தப் படங்களின் செப்புத்தகடுகளையும் அவரே செதுக்கினார். அந்த நாற்றத்தை நீங்கள் சகிக்க வேண்டாம், எலும்புக்கூட்டுப் படம் போனிலேயே கிடைக்கும்.

பாய்ச்சல் படத்தில் நான்கு கால்களும் முன்னும் பின்னும் விரிந்து பறக்கின்றன. 1821-இல் இங்கிலாந்தின் எப்சம் குதிரைப் பந்தயத்தை வரைந்த பிரெஞ்சு ஓவியர் ஜெரிகோவும் இப்படித்தான் வரைந்தார், ஆகவே வெட்கப்பட வேண்டாம். 1878-இல் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்கிற புகைப்படக்காரர் வரிசையாகக் கேமராக்களை நிறுத்தி ஓடும் குதிரையைப் படம் எடுத்த பிறகுதான் தெரிந்தது: நான்கும் தரையைவிட்டு எழும் நொடியில் கால்கள் வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கின்றன. ‘நாலுகால் பாய்ச்சல்’ என்று சொல்லும்போதே விரிந்த கால்கள்தானே மனதில் வருகின்றன! சொல் மறுபடியும் ஏமாற்றுகிறது.

போன் படம் பார்த்து வரைவதில் தப்பில்லை. ஆனால் கிட்டே நின்று எடுத்தால் தலை பெருத்து இடுப்பு சிறுத்துவிடும். பத்து மீட்டர் தள்ளி, பக்கவாட்டில், போனை உங்கள் இடுப்பு உயரத்தில் பிடித்து, ஜூம் செய்து எடுங்கள். குளம்பு சட்டகத்துக்குள் இருக்கட்டும்.

கல்லூரி பற்றிக் கேட்டிருந்தீர்கள். இடம் கிடைத்தால் சேருங்கள், கிடைக்காவிட்டால் வரையுங்கள். ஆடிக்குள் கால்கள் மட்டும் நாற்பது வரைந்து அனுப்புங்கள், முன்னங்கால் இருபது, பின்னங்கால் இருபது. ஒரு புல் தென்பட்டாலும் திருப்பி அனுப்பிவிடுவேன்.