எந்தத் தாளுக்கு எந்த பஞ்ச்? வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கொலு அலங்காரத்தையும் திருமண வரிசைத் தட்டுகளையும் பற்றியவை. மற்றவை பஞ்ச், அதாவது தாளைப் பூ, வட்டம் போன்ற வடிவங்களில் அழுத்தி வெட்டும் கைக்கருவி, வெட்டவில்லை, சிக்கிக்கொண்டது, துருப்பிடித்தது என்ற முறையீடுகள். முறையிட்டவர்களில் பெரும்பாலோர் எந்தத் தாளை வெட்டினார்கள் என்பதை எழுதவே இல்லை. தாளின் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தெரியாமல் கருவியைப் பற்றி எதுவும் சொல்ல இயலாது என்பதை இந்தப் பகுதியில் மீண்டும் மீண்டும் எழுதி வருகிறேன். இன்றும் அதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

இரண்டு அங்குலப் பூ பஞ்ச் புதிதாக வாங்கினேன். தாள் வெட்டுப்படாமல் பாதியில் நிற்கிறது. பஞ்ச் மோசமானதா? (மன்னார்குடி)

என்ன தாள் என்று நீங்கள் எழுதவில்லை. கடையில் கேட்டால் "நல்ல திக்கான சார்ட்" என்பார்கள். அது ஓர் அளவே அல்ல. எடை போட்டுப் பார்த்துவிடுங்கள். ஏ4 தாள் பதினாறு சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர் என்பதால், 16 தாள்களின் எடை எத்தனை கிராமோ அதுதான் அதன் ஜிஎஸ்எம். கனமான அட்டையாக இருந்தால் நான்கு தாள்களை நிறுத்து நான்கால் பெருக்குங்கள். 22-க்கு 28 அங்குல முழு சார்ட் என்றால் ஒன்றை நிறுத்து இரண்டரையால் பெருக்கினால் போதும். சமையலறை மின் தராசே இதற்குத் தாராளம்.

ஜெராக்ஸ் தாள் 70 முதல் 80 வரை இருக்கும். கையால் அழுத்தும் பஞ்சுக்கு ஏறத்தாழ 200 வரை ஏற்றது. அழைப்பிதழ் அட்டைகள் 250, 300 என்று போகும். அளவையும் கருதுங்கள். ஓரங்குல வட்டத்தின் சுற்றளவு சுமார் 8 செ.மீ., இரண்டங்குல வட்டத்துக்கு 16 செ.மீ.; இதழ்கள் உள்ளே வளைந்து வெளியே வரும் பூவாக இருந்தால் இன்னும் கூடும். வெட்ட வேண்டிய நீளம் கூடக்கூடக் கை கொடுக்க வேண்டிய அழுத்தமும் கூடும். எனவே சிறு பஞ்ச் எளிதாக வெட்டிய அதே அட்டையில் பெரிய பஞ்ச் நின்றுவிடுவது குறையன்று. முதலில் 80 ஜிஎஸ்எம் தாளில் வெட்டிப் பாருங்கள். அதிலும் நின்றால் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள்.

ஆறு வயதுப் பேத்திக்கு பஞ்ச் வாங்கித் தரலாமா? (திருவாரூர்)

ஓரங்குலத்துக்கு மேற்படாத வட்டம் அல்லது இதயம், ஜெராக்ஸ் தாள் மட்டும், அருகில் நீங்கள்.

என் அத்தை மகள் திருமணத்துக்கு ஆரத்தித் தட்டு, வரிசைத் தட்டு அலங்காரம் செய்யப் பத்து பஞ்ச் அடங்கிய தொகுப்பை ஒரு பொருட்காட்சியில் மலிவாக வாங்கினேன். இரண்டு மாதத்தில் பூ, நட்சத்திரம், இலை மூன்றும் பிசிறடிக்கின்றன. எப்படிக் கூர்மையாக்குவது? (கும்பகோணம்)

இந்தத் தொகுப்புகளைப் பற்றி எச்சரித்து எழுதாத ஆண்டே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முகூர்த்த மாதத்துக்குப் பிறகும் இதே கடிதம் வருகிறது. பஞ்ச் என்பது ஒற்றைக் கத்தியன்று. மேலிருந்து இறங்கும் ஆண் பாகமும் கீழே திறந்திருக்கும் பெண் பாகமும் ஒன்றையொன்று உரசும் நெருக்கத்தில் சந்தித்தால்தான் தாள் அறுபடும். அந்த இடைவெளி சற்றே கூடினாலும் தாள் வெட்டுப்படாமல் உள்ளே மடிந்து இழுபடும். மலிவுத் தொகுப்புகள் பலவற்றில் வெட்டும் பாகமும் துத்தநாகக் கலவை வார்ப்பாகவே இருக்கும். அதன் விளிம்பு எஃகு விளிம்பைப் போல் நிற்காது. பத்து வடிவங்களைக் குறைந்த விலைக்குத் தர வேண்டுமென்றால், விற்பவர் விலையைக் குறைக்கக்கூடிய இடம் இந்தப் பொருத்தம்தான். வாங்குபவரோ பெட்டியின் மேல் அச்சிட்ட வடிவங்களை எண்ணுகிறார், விளிம்பைப் பார்ப்பதில்லை.

தேய்மானம் முதலில் எங்கே தெரியும் என்பதை உங்கள் நட்சத்திரத்திலேயே பார்க்கலாம். வெட்டிய தாளை விளக்குக்கு எதிரே பிடியுங்கள். வெளி முனைகள் ஓரளவு சுத்தமாக இருக்க, இரண்டு முனைகளுக்கு இடைப்பட்ட உட்குழிவில் வெள்ளை நார் பஞ்சுபோல நிற்கும். இலையில் காம்பு முடியும் இடத்தில் நார் நீண்டு தொங்கும்; விரலால் இழுத்தால் இலையின் நுனியும் சேர்ந்து கிழிந்து வரும். இந்த நிலைக்கு வந்த பஞ்சைக் கூர்மையாக்க வழியில்லை. அலுமினிய ஃபாயிலை இரண்டாக மடித்துப் பத்துப் பன்னிரண்டு முறை வெட்டினால் விளிம்பில் ஒட்டிய பிசிறும் பசையும் நீங்கும். நுண்ணிய உப்புத்தாளை ஓரிரு முறை வெட்டலாம். பிறகு மெழுகுத்தாளை வெட்டினால் அசைவு இலகுவாகும். இவை அழுக்கடைந்த பஞ்சுக்குரிய சிகிச்சைகள். தேய்ந்துபோன விளிம்பை இவை திருப்பித் தருவதில்லை. மென்மையான வார்ப்பில் உப்புத்தாளை அடிக்கடி வெட்டினால் இருக்கிற பொருத்தமும் போய்விடும்.

அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது மூன்று தாள்களை எடுத்துச் செல்லுங்கள்: ஒரு துண்டு செய்தித்தாள், ஒரு ஜெராக்ஸ் தாள், நீங்கள் உண்மையில் பயன்படுத்தப்போகும் அட்டை. பலர் அட்டையை மட்டும் வெட்டிப் பார்த்துத் திருப்தியடைகிறார்கள். பொருத்தம் சரியா என்று காட்டிக்கொடுப்பது செய்தித்தாள்தான். மெல்லிய தாள் சிறு இடைவெளியிலும் மடிந்துவிடும். மூன்றையும் சுத்தமாக வெட்டும் பஞ்சை வாங்குங்கள். சோதித்துப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

பத்து வடிவம் உங்களுக்குத் தேவையுமில்லை. ஒன்றரை அங்குல ஐந்திதழ்ப் பூ, ஓர் இலை, இரண்டங்குல வட்டம் ஆகிய மூன்றில் வரிசைத் தட்டு முழுவதும் முடியும். வட்டத்தை ஓரத்திலிருந்து நடுவரை சுருளாக வெட்டி, வெளி முனையிலிருந்து சுற்றிக்கொண்டு வந்து அடியில் பசை வைத்தால் ரோஜா. வட்டத்தை நடுவரை ஒரு கோடு வெட்டி ஒன்றின்மேல் ஒன்று ஏற்றினால் கூம்பு. பூவை மூன்றடுக்காக வைத்து நடுவில் அழுத்தினால் அடுக்குச் செவ்வந்தி. அந்தப் பத்தின் விலையில் நல்ல பஞ்ச் மூன்று வந்திருக்கும். பல திருமணங்களுக்கு உழைத்திருக்கும்.

கிளிட்டர் ஷீட்டை வெட்டலாமா? (பேராவூரணி)

பஞ்சில் வேண்டாம். அந்த மினுமினுப்புத் துகள் விளிம்பைத் தின்றுவிடும். கத்தரிக்கோலால், பின்பக்கத்தில் வரைந்து வெட்டுங்கள்.

மழைக்காலத்தில் பஞ்ச் துருப்பிடிக்கிறது. பங்குனியில் நன்றாக வெட்டியது கார்த்திகையில் வெட்டவில்லை. எண்ணெய் விட்டும் பயனில்லை. (நாகப்பட்டினம்)

எண்ணெய் விட்டதுதான் நீங்கள் செய்த கெடுதல். வெட்டும் விளிம்பில் எண்ணெய் பட்டால் தாள் கறைபடும். தாள்தூளும் எண்ணெயும் சேர்ந்து களிம்பாகி நெருக்கத்தை அடைக்கும். தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு, கைப்பிடி அசையும் அச்சில் மட்டும் விடலாம்.

நீங்கள் கவனிக்காத மற்றொன்று உண்டு. கார்த்திகையில் கெட்டது பெரும்பாலும் பஞ்சன்று, தாள். தாள் காற்றின் ஈரத்தை உறிஞ்சி நார் இளகித் துவண்டுவிடுகிறது; துவண்ட தாள் அறுபடுவதற்குப் பதில் இழுபடுகிறது. வடகிழக்குப் பருவமழையில் கடலோர வீட்டில் திறந்து வைத்த சார்ட்டை அப்படியே எடுத்து வெட்டாதீர்கள். வெட்டுவதற்கு முந்தைய இரவே தாள்களைப் பிளாஸ்டிக் உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி வையுங்கள், அல்லது எரியும் குண்டு விளக்கின் அருகே சற்று நேரம் பரப்புங்கள். பஞ்சுகளையும் மூடி இறுகும் டப்பாவில் அதே பொட்டலங்களோடு வைக்க வேண்டும். உப்புக் காற்றுள்ள ஊரில் சுவரோர அலமாரித் தட்டில் திறந்து அடுக்கினால் துரு வருவது உறுதி.

தஞ்சாவூர் நெட்டியைப் பூ பஞ்சில் வெட்டிக் கொலுவுக்கு மாலை செய்ய விரும்புகிறேன். (தஞ்சாவூர்)

நெட்டி, நீரில் வளரும் செடியின் தண்டுக்குள்ளிருக்கும் சோறு, அதாவது மென்மையான உள்பகுதி. காற்றறைகள் நிறைந்த அந்த மென்மைதான் அதன் அழகு. பஞ்சின் அழுத்தத்தில் அது வெட்டுப்படுவதற்கு முன்பே நசுங்கிவிடும், நசுங்கியது மீளாது. நெட்டிக் கலைஞர்கள் மெல்லிய, மிகக் கூரிய கத்தியைத் தள்ளாமல் இழுத்து, தாள்போல் சீவி எடுப்பதைப் பாருங்கள். உங்கள் ஊரிலேயே அந்த வேலை நடக்கிறது. அருகில் அமர்ந்து கற்றுக்கொள்வதே முறை. தாளில் செய்த பூவையும் நெட்டியில் செய்த பூவையும் ஒரே மாலையில் கோக்கலாம், தடையில்லை.

பஞ்ச் சிக்கிக்கொண்டு மேலே வரவில்லை. சுத்தியலால் தட்டலாமா? (சீர்காழி)

தட்டக்கூடாது. கத்தி முனையால் நெம்பவும் கூடாது. தலைகீழாகத் திருப்பி, தட்டையான மரக்குச்சியால் வெட்டும் பாகத்தைக் கீழிருந்து நேராக, சாயாமல் தள்ளுங்கள். அசையாவிட்டால் காற்றுப் புகாத உறையில் இட்டு ஃப்ரீஸரில் அரைமணி நேரம் வைத்து, எடுத்தவுடன் தள்ளிப் பாருங்கள். வெளியே எடுத்ததும் நம் ஊர் ஈரக்காற்றில் உலோகத்தின்மேல் நீர் அரும்பும். அதை உடனே துடைத்து மின்விசிறிக்கடியில் உலர்த்தாவிட்டால் சிக்கலை நீக்கித் துருவை வாங்கியதாக முடியும். எந்தத் தாள் சிக்கியது என்று நீங்களும் எழுதவில்லை.

ஆடிப்பெருக்குச் சப்பரத்துக்கு மெல்லிய பட்டத்தாளில் பூ வெட்டினால் கிழிகிறது. (திருவையாறு)

பட்டத்தாளை நான்காக மடித்து, மேலும் கீழும் ஜெராக்ஸ் தாளை வைத்து, எல்லாவற்றையும் ஒன்றாகப் பஞ்சில் செலுத்துங்கள்; வெளித்தாள் பிடித்துக்கொள்ள உள்தாள் சுத்தமாக அறுபடும். ஆனால் சப்பரத்தைச் சுற்றி ஓடும் தோரணத்துக்கு பஞ்ச் தேவையில்லை. எட்டு மடிப்பாக மடித்துக் கத்தரிக்கோலால் வெட்டுவதில் வரும் நீளமும் தொடர்ச்சியும் எந்த பஞ்சிலும் வராது. பிள்ளைகளுக்கு அந்த மடிப்பைக் கற்றுக்கொடுங்கள். பசையை நீர்க்கக் கரைக்காதீர்கள், சாயம் ஊறிவிடும்.

கணினியோடு இணைக்கும் வெட்டு இயந்திரம் வாங்கியிருக்கிறேன். சிக்குக் கோலத்தை ஸ்டென்சிலாக வெட்டினால் நடுவெல்லாம் உதிர்ந்துவிடுகிறது. இயந்திரத்தில் கோளாறா? (மயிலாடுதுறை)

இயந்திரம் நீங்கள் கொடுத்த கோட்டைத்தான் வெட்டியிருக்கிறது. ஸ்டென்சிலில் கோடு திறப்பாகிறது; சிக்குக் கோலத்தில் ஒவ்வொரு புள்ளியையும் கோடு சுற்றி வளைப்பதால், சூழப்பட்ட ஒவ்வொரு பகுதியும் எதனோடும் ஒட்டாமல் தனித்துண்டாகிறது. கோடு ஒவ்வொரு சூழலையும் மூடும் முன் இரண்டு இடத்திலாவது 2 மி.மீ. அகலப் பாலம் விட்டு வரையுங்கள். மாவு தூவுவதற்கென்றால் தாளுக்குப் பதில் ஓஎச்பி ஷீட் போன்ற பிளாஸ்டிக் தாளைப் பயன்படுத்துங்கள். ஈரத் தரையில் தாள் ஒரே நாளில் சுருளும். அழைப்பிதழிலோ கொலுப் பின்னணியிலோ ஒட்டுவதற்கென்றால் நேர்மாறாக, கோடு தாளாக நிற்கும்படி வெட்டுங்கள். தன்னைத்தானே குறுக்கிடும் கோடு என்பதால் பாலமின்றியே நிற்கும். கோட்டின் அகலம் 2 மி.மீ.க்குக் குறைந்தால் எடுக்கும்போது கிழியும். எந்த வெட்டுக்கும் முன் தாளின் மூலையில் சிறு சதுரம் ஒன்றை வெட்டிச் சோதியுங்கள்.

மகள் திருமணத்துக்கு 500 அழைப்பிதழ்கள், கோபுர வடிவில். கையால் சுழற்றும் டை (வெட்டும் அச்சு) இயந்திரம் வாங்கி வீட்டிலேயே வெட்டலாமா? (பட்டுக்கோட்டை)

வேண்டாம். தட்டு அடுக்கி, அட்டை வைத்து, உருளையில் செலுத்தி எடுக்கும் வேலை 20 அட்டைக்கு இன்பம், 500-க்குத் தோள்வலி. தட்டுகளும் வளைந்துவிடும். அச்சகத்தில் டை கட்டிங் கேளுங்கள். சுமார் 24 மி.மீ. உயரமுள்ள எஃகுப் பட்டையை உங்கள் வடிவத்துக்கு வளைத்து ஒட்டுப்பலகையில் பதித்து, வெட்டிய அட்டையை வெளியே தள்ளுவதற்குப் பக்கங்களில் ரப்பர் ஒட்டியிருப்பார்கள். அந்த அச்சுக்கு ஒருமுறைதான் செலவு. 500-இல் அது பரவிவிடும். எஃகுப் பட்டையை மிகக் கூரிய மூலைகளில் வளைக்க இயலாது என்பதால் கலசங்களைத் தனித்தனியாக வெட்டக் கேட்காதீர்கள். கோபுரத்தின் வெளிக்கோட்டை எளிமையாக்கி, கலசத்தை அட்டையில் அச்சிட்டுக் காட்டுங்கள். வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. வரை வண்ணம் நீளட்டும். மடிப்பு தாளின் நார் ஓடும் திசையிலேயே அமைய வேண்டும், இல்லாவிட்டால் மடித்த இடத்தில் வண்ணம் வெடிக்கும். லேசர் வெட்டை யாராவது பரிந்துரைத்தால் ஓரம் பழுப்பாகுமா என்று மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் உண்மையான அட்டையில் ஒரு பிரதியை வெட்டிக் காட்டச் சொல்லிவிட்டே ஒப்புதல் தாருங்கள்.

மூலை வளைக்கும் பஞ்சில் 5 மி.மீ. நல்லதா, 10 மி.மீ. நல்லதா? (பாபநாசம்)

உள்ளங்கை அளவுப் பெயர் அட்டைக்கு 5, வாழ்த்து அட்டைக்கு 10. நான்கு மூலையையும் ஒரே பக்கம் மேலிருக்கும்படி பிடித்தே வெட்டுங்கள்.