சாவி உங்கள் பையிலேயே இருக்கட்டும்

கேள்வி: நடப்பதற்குச் சிரமப்படும் தந்தையையும் அழைத்துக்கொண்டு சொந்தக் காரில் ஒரு பெருநகரத்துக்குச் செல்கிறோம். நகர மையத்திலுள்ள விடுதியில் இரண்டு இரவுகள் தங்க வேண்டும். அங்கே வண்டி நிறுத்த இடமில்லை. இணையத்தில் ஒருவர், விடுதி வாசலுக்கே வந்து சாவியை வாங்கிக்கொண்டு, காவல் உள்ள வளாகத்தில் வண்டியை வைத்திருந்து, புறப்படும் நாளில் திரும்பக் கொண்டுவருவதாகச் சொல்கிறார். அடுக்குமாடி நிறுத்தகத்தில் கேட்பதில் பாதிதான் கேட்கிறார். சிறிது முன்பணமும் அனுப்பிவிட்டோம். இவரை நம்பலாமா? இல்லையென்றால் வண்டியை எங்கே விடுவது?

பதில்: நம்ப வேண்டாம். அடுக்குமாடி நிறுத்தகத்தையும் தேட வேண்டாம். நகரத்தின் விளிம்பில், நீங்கள் வரும் நெடுஞ்சாலையை ஒட்டி, ரயிலோ மெட்ரோவோ நிற்கும் ஒரு நிலையத்தின் வாகன நிறுத்தகத்தில் வண்டியை நீங்களே நிறுத்தி, நீங்களே பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே செல்லுங்கள். தந்தையால் படியேற முடியாது என்றால், அங்கிருந்து விடுதி வரை அவரையும் பெட்டிகளையும் ஒரு வாடகைக் காரில் ஏற்றிவிடுங்கள். போக ஒரு முறை, வர ஒரு முறை என அந்த இரண்டு பயணங்களுக்கு ஆகும் செலவு, மையத்தில் இரண்டு இரவுகள் வண்டியை நிறுத்த ஆகும் செலவைவிடப் பல இடங்களில் குறைவாக இருக்கக்கூடும்.

மையத்தில் தெருவோரமாக எங்காவது இடம் கிடைக்காதா என்று உங்கள் வீட்டில் யாராவது கேட்பார்கள். கிடைக்கலாம், ஆனால் அது உங்களுக்காக வைக்கப்பட்ட இடமன்று. 1935-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் உலகின் முதல் பார்க்கிங் மீட்டர் நடப்பட்டதன் காரணமே, காலையில் வந்து நிற்கும் வண்டி மாலை வரை அதே இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததும், கடைக்கு வருபவர்களுக்கு இடமில்லாமல் போனதும்தான். ஒரு வண்டி போனால்தான் அடுத்தது வர முடியும் என்பதே அன்றிலிருந்து இன்றுவரை தெருவோரக் கட்டண இடங்களின் அடிப்படைக் கணக்கு. இரண்டு இரவு தங்க வருபவரை அந்தக் கணக்கு வேண்டாத விருந்தாளியாகவே பார்க்கிறது. இடம் தேடிச் சுற்றுவதும் சிறிய வேலையன்று. வாகன நிறுத்தத்தைப் பற்றி வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷூப், 1927 முதல் 2001 வரை பல நகரங்களில் நடந்த 16 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நெரிசலான மையப் பகுதிகளில் ஓடிய வண்டிகளில் சராசரியாக 30 விழுக்காடு இடம் தேடிச் சுற்றியவையாக இருந்தன. ஒரு வண்டிக்கு இடம் கிடைக்கச் சராசரியாக 8 நிமிடங்கள் ஆயின. ஊரைத் தெரிந்தவர்களையும் சேர்த்த சராசரி அது. பின்னிருக்கையில் முதியவரை வைத்துக்கொண்டு முதன்முறையாக வருபவர் அதைப்போல் இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

இதற்கும் மேலே, மையத்துக்குள் நுழைவதற்கே காசு கேட்கும் நகரங்கள் பெருகிவருகின்றன. சிங்கப்பூர் 1975-இலும், லண்டன் 2003-இலும், நியூயார்க் 2025 ஜனவரியிலும் இதைத் தொடங்கின. இத்தாலியின் பல நகரங்களில் பழைய மையப் பகுதிக்குள் நுழைவு அனுமதி இல்லாத வண்டி நுழையவே கூடாது. காவலர் யாரும் கைகாட்டி நிறுத்த மாட்டார். கம்பத்திலிருக்கும் கேமரா எண் பலகையைப் படம்பிடித்துக்கொள்ள, சில வாரங்களோ மாதங்களோ கழித்து அபராதக் கடிதம் வீடு தேடி வரும். வழிகாட்டிச் செயலி உங்களை அந்தத் தெரு வழியாகவே அழைத்துச் சென்றது என்பதை யாரும் காரணமாக ஏற்க மாட்டார்கள். விதியை மீறுபவர்களில் விதி இருப்பதே தெரியாத வெளியூர்க்காரர்களும் உண்டு என்பது தெரிந்தும், பலகையைக் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்று எந்த நிர்வாகத்துக்கும் அவசரம் இருப்பதாகத் தெரியவில்லை.

விளிம்பில் நிறுத்திவிட்டு ரயிலிலோ பேருந்திலோ உள்ளே போகும் ஏற்பாட்டைப் 'பார்க் அண்ட் ரைடு' என்று சொல்வார்கள். ஆக்ஸ்ஃபோர்டு நகரில் 1973 முதல் இது நடந்துவருகிறது. இப்போது பல பெருநகரங்களில் இருக்கிறது. இங்கே இரண்டு விஷயங்களைப் புறப்படும் முன்பே பார்த்துவிடுங்கள். முதலாவது, இரவு தங்கல். இத்தகைய நிறுத்தகங்களில் பல, காலையில் வந்து மாலையில் போகும் அலுவலகப் பயணிகளுக்காகவே அமைக்கப்பட்டவை. சிலவற்றில் நள்ளிரவில் கதவைப் பூட்டிவிடுவார்கள், சிலவற்றில் ஓரிரவுக்கு மேல் நிற்கும் வண்டியை இழுத்துச் செல்வார்கள். 'எத்தனை மணி நேரம் வரை நிறுத்தலாம்' என்ற ஒரே வரியை அந்த நிறுத்தகத்தின் சொந்த இணையதளத்தில் படியுங்கள், வேறொருவர் எழுதியதைப் படிக்காதீர்கள். இரண்டாவது, சலுகைக்கான நிபந்தனை. ஆம்ஸ்டர்டாமில் விளிம்பு நிறுத்தகங்களின் சலுகைக் கட்டணம் வேண்டுமானால், அங்கிருந்து பொதுப் போக்குவரத்தில் மையத்துக்குப் போய் அதே வழியில் திரும்பியதை உங்கள் பயண அட்டை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் முழுக் கட்டணம். நீங்கள் தந்தையுடன் வாடகைக் காரில் போய்விட்டால் சலுகை போய்விடும் என்பதால், இப்படி நிபந்தனை உள்ள ஊரில் உங்களில் ஒருவர் அவருடன் காரில் போக, மற்றவர் பயண அட்டையை எடுத்துக்கொண்டு ரயிலில் போங்கள். மின்சாரக் கார், மாற்றுத்திறனாளி அட்டை ஆகியவற்றுக்குத் தனி விதிகள் உண்டு. உங்கள் கேள்வியில் அவை இல்லாததால் விட்டுவிடுகிறேன்.

இனி அந்தச் சாவி வாங்கும் மனிதருக்கு வருவோம். இவரைப் போன்றவர்களை நான் நீண்ட காலமாகப் பார்த்துவருகிறேன். பார்த்தது மட்டுமில்லை, இந்தத் துறையில் வேலை செய்துகொண்டே ஒரு முறை ஏமாந்தும் இருக்கிறேன். அவசரமான ஒரு பயணத்தில் இப்படி ஒருவரிடம் வண்டியை ஒப்படைத்துவிட்டு நான்கு நாள் கழித்து வாங்கியபோது, 'கூரையுள்ள கான்கிரீட் தளத்தில்' நின்றதாகச் சொல்லப்பட்ட வண்டியின் நான்கு சக்கரங்களிலும் செம்மண் காய்ந்து அப்பியிருந்தது. ஓட்டுநர் இருக்கை என் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும் அளவுக்கு முன்னால் இழுக்கப்பட்டிருந்தது. நான் குறித்து வைத்திருந்த கிலோமீட்டர் கணக்கில் அறுபதுக்கும் மேல் கூடியிருந்தது. கேட்டபோது, 'இடம் மாற்றி மாற்றி நிறுத்த வேண்டியிருந்தது சார்' என்று சிரித்தார். மூன்று வாரம் கழித்து, நான் அந்த ஊரிலேயே இல்லாத ஒரு நாளின் தேதியிட்டு, நிறுத்தத் தடையுள்ள தெருவில் வண்டி நின்றதற்கான அபராதம் வந்தது. அதையும் நானே கட்டினேன்.

இந்தத் தொழில் நடக்கும் விதத்தைத் தெரிந்துகொண்டால் ஏன் இப்படியாகிறது என்பது புரியும். நீங்கள் பார்த்த இணையதளத்துக்கு ஓர் அடி நிலம்கூடச் சொந்தமாக இருக்காது. அது தரகு வாங்கும் இடம் மட்டுமே. விதிமுறைகளின் அடியில் 'நாங்கள் இடைத்தரகர், வண்டிக்குப் பொறுப்பல்லர்' என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். சாவியை வாங்க வருபவர் ஒருவர், ஓட்டிச் செல்பவர் இன்னொருவர், நிறுத்தப்படும் நிலம் மூன்றாமவருடையது. படத்தில் காட்டிய வளாகம் நிறைந்துவிட்டால், வண்டி காலி மனைக்கோ தெருவோரத்துக்கோ போகும். கட்டணம் பாதியாக இருப்பதன் இரகசியம் இதுதான்: இடத்துக்கென்று அவர் செலவே செய்வதில்லை. வண்டியில் கீறல் விழுந்தால் மூவரும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள். வண்டியே காணாமல் போனால், காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, சாவி யாரிடம் இருந்தது என்பதாக இருக்கும். 'பெயர் தெரியாத ஒருவரிடம் நானே கொடுத்தேன்' என்று எழுதிக் கையெழுத்திட வேண்டிய நிலைக்கு உங்களைக் கொண்டுபோகாதீர்கள்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைக் காட்டித்தான் தரகர்கள் 'பெரிய விடுதிகளிலும் சாவியை வாங்குகிறார்களே' என்று வாயை அடைப்பார்கள். நீங்கள் தங்கும் விடுதியின் சொந்த ஊழியர், விடுதியின் சீருடையில், எண்ணிட்ட டோக்கனைக் கொடுத்துச் சாவியை வாங்கினால், அது வேறு வகை. 1998-இல் டெல்லியில் ஒரு நட்சத்திர விடுதியில் அப்படி ஒப்படைக்கப்பட்ட கார் திருடுபோனது. டோக்கனில் 'உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில்' என்று அச்சிட்டிருந்ததைக் காட்டி விடுதி தப்பிக்கப் பார்த்தது. 2019 நவம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஊழியர் சாவியை வாங்கி வண்டியைத் தம் வசம் எடுத்துக்கொண்டபோதே அது சட்டப்படி ஓர் ஒப்படைப்பு ஆகிவிடுகிறது, அதைப் பத்திரமாகத் திருப்பித் தரும் கடமை விடுதிக்கு உண்டு, தன் பக்கம் கவனக்குறைவு இல்லை என்று காட்ட வேண்டியதும் விடுதியே, டோக்கனில் அச்சிட்ட ஒரு வரியால் தன் கவனக்குறைவுக்கான பொறுப்பைக் கழற்றிவிட முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். நாட்டுக்கு நாடு சட்டம் மாறும், எனினும் ஒப்படைப்பு என்ற கருத்து பல நாடுகளின் சட்டத்தில் இருக்கிறது.

அப்படியானால் சட்டத்தின் கண்ணில், சாவியைக் கொடுப்பவருக்குத்தானே பாதுகாப்பு அதிகம் என்று நீங்கள் கேட்கலாம். காகிதத்தில் உண்மைதான். நீங்களே பூட்டிச் சாவியை எடுத்துச் செல்லும் நிறுத்தகம் பெரும்பாலும் இடத்தை மட்டுமே வாடகைக்குத் தருகிறது, வண்டிக்குக் காவல் இருப்பதாக வாக்களிப்பதில்லை. ஆனால் அந்த டெல்லி வழக்கு முடிய 21 ஆண்டுகள் ஆயின என்பதையும், எதிரில் நின்றது முகவரியும் கட்டடமும் உள்ள ஒரு விடுதி என்பதையும் மறக்காதீர்கள். கைப்பேசி எண்ணைத் தவிர வேறு அடையாளமே இல்லாத ஒருவர்மீது வழக்குப் போட்டு என்ன வாங்கப்போகிறீர்கள்? விடுதியிலும்கூட, 'வாசலில் ஒருவர் இருப்பார், அவரிடம் கொடுத்துவிடுங்கள்' என்று வரவேற்பறையில் சொன்னால், அவர் உங்கள் ஊழியரா என்று நேராகக் கேளுங்கள். 'தெரிந்தவர்' என்று பதில் வந்தால் அவரும் தரகரே.

நீங்களே நிறுத்தும் இடத்திலும் ஏமாற்று உண்டு. ஒளிரும் மேற்சட்டை அணிந்து, ரசீதுப் புத்தகத்துடன் நுழைவாயிலுக்கு முன்பே உங்களை மறித்துப் பணம் வாங்குபவர், பெரும்பாலும் அந்த நிறுத்தகத்துக்குத் தொடர்பில்லாதவர். ரசீதில் வரிசை எண்ணும் நிறுவனத்தின் பெயரும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள், ரப்பர் முத்திரை மட்டும் இருந்தால் நகர்ந்துவிடுங்கள். கட்டண இயந்திரத்தின் மேல் ஒட்டப்பட்ட கியூஆர் குறியீடு ஓரத்தில் பிரிந்திருந்தாலோ, அடியில் இன்னொரு குறியீடு தெரிந்தாலோ, அதை ஸ்கேன் செய்யாதீர்கள். பல நாடுகளில் மோசடிக்காரர்கள் இப்படி ஒட்டிப் பணம் பறித்திருக்கிறார்கள். இதற்கு வழிவிட்டதும் நிர்வாகங்கள்தான். நாணயம் போடும் இயந்திரத்தைப் பிடுங்கிவிட்டு, ஒவ்வொரு நிறுத்தகத்துக்கும் ஒவ்வொரு செயலியை இறக்கச் சொன்னால், சிக்னல் கிடைக்காத அடித்தளத்தில் நின்றுகொண்டிருக்கும் மனிதர் கண்ணில் பட்ட குறியீட்டை ஸ்கேன் செய்யத்தானே செய்வார்?

மேற்கூரையில் பெட்டி கட்டிச் செல்வதானால், கட்டிய பிறகு மொத்த உயரத்தை அளந்து ஒரு தாளில் எழுதிக் கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். மூடிய நிறுத்தகங்கள் பலவற்றில் இரண்டு மீட்டரையொட்டியே உயரக் கம்பி இருக்கும், அது கண்ணில் படும்போது பின்னால் நான்கு வண்டிகள் நிற்கும். நிறுத்தியதும் தளத்தின் எண்ணையும் தூணின் எண்ணையும் கிலோமீட்டர் கணக்கையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நுழைவுச் சீட்டை வண்டிக்குள் விட்டுவராதீர்கள். இருக்கையில் ஒரு வெறும் பையைக்கூட விடாதீர்கள், கண்ணாடியை உடைப்பவருக்கு அது வெறும் பை என்பது உடைத்த பிறகுதான் தெரியும்.

முன்பணத்தைப் பற்றி: இன்றே அந்த மனிதருக்கு ரத்து செய்வதாக எழுத்தில் அனுப்புங்கள், தொலைபேசியில் பேச வேண்டாம். அட்டை மூலம் கட்டியிருந்தால் வங்கியிடமும் முறையிடுங்கள். 'நேரில் வாருங்கள், கழித்துக்கொள்கிறேன்' என்பார். திரும்பக் கிடைக்காவிட்டால் அந்தத் தொகை போகட்டும் என்று விட்டுவிடுங்கள். அதை மீட்பதற்காகவே சாவியைக் கொடுத்தவர்கள் எனக்கு எழுதிய கடிதங்கள் ஒரு கட்டு இருக்கின்றன.